441-இல் கோத்த மாலை

27994681-ஐ 441-ஆல் பெருக்க வேண்டும். கைப்பேசி வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும். ஒன்றால் பெருக்கிய முதல் வரிசை அதே 27994681. அடுத்தது நாலால்: 111978724. நூறாம் இடத்திலும் நாலுதான் இருக்கிறது, ஆகையால் இன்னொரு தடவை பெருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வரிசையையே ஓர் இடம் தள்ளி மூன்றாம் வரிசையாக எழுதிக்கொள்ளலாம். இதுவரை கண்ணில் பட்ட இலக்கங்களில் ஒழுங்கு என்று எதுவும் இல்லை. கீழ் வரிசை இரண்டையும் முதலில் கூட்டினால் 12317659640 வருகிறது. 123 என்று தொடங்குவதைப் பார்த்து ஆசை எழும். அடுத்த இலக்கத்திலேயே அது கலைந்துவிடும். மிச்சமிருக்கும் முதல் வரிசையையும் சேர்த்தால்தான் விடை விழுகிறது: 12345654321.

ஒன்றிலிருந்து ஆறுவரை ஏறி, ஆறிலிருந்து ஒன்றுவரை இறங்கும் பதினோரு இலக்கங்கள். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே எண்.

இந்தக் கணக்கைப் போட்டுவைத்தவர் மகாவீராசாரியர். தீர்த்தங்கரர் அல்லர், அவர் பெயரைத் தாங்கிய சமணக் கணித ஆசிரியர். கி.பி. 850-ஐ ஒட்டி, ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் ஆண்ட காலத்தில், ‘கணிதசாரசங்கிரகம்’ என்ற நூலைச் சமஸ்கிருதச் செய்யுளில் எழுதினார். பெருக்கும் முறையைச் சொல்லி முடித்த கையோடு, விடையில் இலக்கங்கள் கோத்ததுபோல் வந்து விழும் கணக்குகளாகப் பார்த்துப் பார்த்து அடுக்குகிறார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் கண்டிகை, கழுத்தணி. சிலவற்றை அரசர் கழுத்துக்கே உரியவை என்கிறார். நடுவில் பதக்கம், இரு புறமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும் மணிகள். 12345654321-க்கு இதைவிடப் பொருந்தும் உவமை எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வேறு தேடப் போவதுமில்லை.

நான் இருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் அமோகவர்ஷனின் தலைநகர் மானியகேடத்துக்கும் இடையே கர்நாடகத்தின் பெரும்பகுதி நீளம் கிடக்கிறது. மானியகேடம் என்பது இன்றைய கலபுரகி மாவட்டத்து மால்கேட். அவன் அவையில் உருவான ‘கவிராஜமார்க்கம்’ கன்னட நாட்டைக் காவிரி முதல் கோதாவரிவரை என்று எல்லை கட்டுகிறது. காவிரிக்குத் தெற்கே, கபினிக் கரையில் இருக்கும் நஞ்சன்கூடு, கறாராகப் பார்த்தால், அந்த எல்லைக்கு வெளியேதான் விழுகிறது. இந்தப் பக்கம் அப்போது தலைக்காட்டுக் கங்கர்கள் கையில். அமோகவர்ஷன் அவர்களோடு நெடுநாள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் மகளைக் கங்க இளவரசன் பூதுகனுக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தியானான்.

நூல் எங்கோ எழுதப்பட்டாலும் அதன் பிரதி ஒன்று நமக்குப் பக்கத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் 1912-இல் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தபோது, சென்னைச் சுவடி நூலகத்தில் இருந்தவற்றோடு மைசூர் கீழ்த்திசை நூலகத்துப் பிரதியையும், மூடபித்ரியிலிருந்து கிடைத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த மைசூர் நூலகம் இங்கிருந்து 25 கிலோமீட்டருக்குள். அர்த்தசாஸ்திர ஏட்டை ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்ததும் அதே நூலகத்தில்தான். கௌடில்யரின் புகழ் வெளிச்சத்தில் மகாவீரரின் மாலைகள் யார் கண்ணிலும் படாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

எண்ணுக்குள் போவோம். 12345654321 ஒரு வர்க்க எண். 111111-ஐ அதனாலேயே பெருக்கினால் வருவது. ஆறு ஒன்றுகள் கொண்ட வரிசையை ஆறு முறை, ஒவ்வொரு முறையும் ஓர் இடம் தள்ளித் தள்ளி எழுதிக் கூட்டுகிறோம். வலது ஓரத்தில் ஒரே ஒரு ஒன்று, அடுத்த இடத்தில் இரண்டு, நடுவில் ஆறு, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து இடது ஓரத்தில் மறுபடி ஒன்று. ஏறுவதும் இறங்குவதும் அந்தச் சாய்வான அடுக்கின் உயரத்தைத் தவிர வேறில்லை. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 36, அதாவது ஆறாறு முப்பத்தாறு. இதில் வியக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லலாம். அடுக்கில் எழுதிய ஒன்றுகளே மொத்தம் 36-தான். காரணம் தெரிந்த பிறகும் சுவை குறையவில்லை என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது, அவர் ஏன் ஆறைத் தேர்ந்தார் என்பது. ஒன்றுகளை மட்டும் அடுக்கிய எண்களைக் காரணிப்படுத்திப் பாருங்கள். ஐந்து ஒன்றுகளைப் பிரித்தால் 41, 271 என்ற இரண்டே பகா எண்கள். ஏழு ஒன்றுகள் இன்னும் கஞ்சத்தனம்: 239, 4649. ஆறு ஒன்றுகளோ 3, 7, 11, 13, 37 என்று கைநிறைய அள்ளிக் கொடுக்கின்றன. அந்த ஐந்தும் வர்க்கமாகி 12345654321-க்குள் இருப்பதால், அதற்கு 243 வகு எண்கள். இரண்டு எண்களின் பெருக்கலாக அதை 122 வழிகளில் எழுதலாம். 1234567654321-ஐ விடையாக வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட நினைக்கும் வாத்தியார், மிகச் சிறிய பெருக்கியாக 239-ஐத்தான் கொடுக்க முடியும். ஏழோடு ஒப்பிட்டால் ஆறு தாராளம். மகாவீரர் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் ஆறில் நின்றாரா என்பது என் ஊகத்துக்கு உட்பட்டது. ஆனால் அவர் கைக்குத் தெரிந்திருந்தது என்றே நம்புகிறேன்.

ஏனென்றால் அந்த 122 வழிகளில் அவர் ஒதுக்கியவற்றைப் பார்த்தால் ரசனை புலப்படுகிறது. 121-ஐ 102030201-ஆல் பெருக்கினாலும் இதே விடைதான். 12321-ஐ 1002001-ஆல் பெருக்கினாலும் இதேதான். இரண்டும் அழகான கணக்குகள். ஆனால் பெருக்கும் எண்களே முன்பின் ஒன்றாக இருப்பதால், விடை என்னவாக இருக்கும் என்பது தொடங்கும்போதே தெரிந்துவிடும். 111111-ஐ 111111-ஆல் பெருக்கச் சொன்னால் ரகசியமே இல்லை. மகாவீரர் ஐந்து பகா எண்களையும் இரண்டு பங்காகப் பிரித்தார். 3, 7 ஒரு பக்கம்: பெருக்கினால் 21, வர்க்கம் 441. 11, 13, 37 மறு பக்கம்: பெருக்கினால் 5291, வர்க்கம் 27994681. ஆக அவர் கொடுத்த இரண்டு எண்களும் வர்க்கங்கள், இரண்டிலும் சமச்சீரின் சாயல்கூட இல்லை. 27994681-ஐ ரேஷன் கார்டு எண் என்று காட்டினால் நம்பிவிடுவோம். மாலையின் மணிகள் அத்தனையும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. போதாததற்கு, 441-இல் நாலு இரண்டு முறை வருவதால் பிள்ளைக்கு ஒரு வரிசைப் பெருக்கல் மிச்சம். இவ்வளவையும் ஒரே கணக்கில் வைத்தவர் சும்மா எழுதியிருக்க மாட்டார்.

இன்னொரு நயம் கூட்டலில் இருக்கிறது. 111111-ஐ வர்க்கப்படுத்தும்போது எந்த இடத்திலும் ‘மனசில் ஒன்று’ வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதிகபட்சக் கூட்டுத்தொகையே ஆறுதான். மகாவீரர் கொடுத்த வடிவிலோ கதை வேறு. வலமிருந்து ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போனால், மனசில் வைத்ததையும் சேர்த்து, 1, 12, 13, 14, 25, 26, 25, 14, 3, 2, 1 என்று வருகிறது. வலப்பக்கத்துக்கு ஒரு சுமை, இடப்பக்கத்துக்கு வேறு சுமை. பத்துகளைத் தள்ளிவிட்டு ஒற்றை இலக்கத்தை மட்டும் கீழே எழுதினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுகிறது. எளிய வழியில் இயல்பாகவே நிற்கும் சமச்சீர், இங்கே மனசில் வைத்த ஒன்றாலும் இரண்டாலும் தட்டி நிமிர்த்தப்படுகிறது. இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எதிர்வீட்டில் எட்டாவது படிக்கும் பெண்ணிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். என்ன வரும் என்று சொல்லவில்லை. 12343654321 என்று எழுதிவிட்டு, என்னிடம் காட்ட வருவதற்குள் அவளே நின்றுவிட்டாள். ஆறுக்கு வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் மூன்று இருக்கிறதே, இங்கேதான் எங்கோ விட்டிருக்கிறேன் அங்கிள் என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். பத்து லட்சத்தின் இடத்தில் மனசில் இருந்த இரண்டைச் சேர்க்க மறந்திருந்தாள். பிழை இருப்பதை மட்டுமல்ல, அது எந்த இடத்தில் என்பதையும் விடையே சொல்லிவிட்டது. பதினோரு இலக்க எண்கள் மொத்தம் 9,000 கோடி. அவற்றில் முன்பின் ஒன்றாக இருப்பவை 9 லட்சம் மட்டும். லட்சத்தில் ஒன்று. தப்பாகப் பெருக்கி அந்த லட்சத்தில் ஒன்றில் போய் விழுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பின்பக்கம் விடைப்பட்டியல் இல்லாத காலத்துப் பாடநூலில், வாத்தியாரைக் கேட்காமலே சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

செய்யுளில் எண்ணைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய வடமொழிக் கணித நூல்கள் சந்திரன் என்றால் ஒன்று, கண் என்றால் இரண்டு, வேதம் என்றால் நாலு என்று சொற்களால் இலக்கங்களைக் கோக்கும். அதையும் ஒற்றை இடத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாகக் கோக்கும். இந்த வழக்கம் தெரியாதவர் படித்தால் 27994681 என்பது 18649972 ஆகிவிடும். மாலை எண்ணுக்கு அந்தப் பயமே இல்லை. ஏடு எழுதுபவர் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது கெடாது. அதற்கும் மேலே ஒன்று: 12345654321-ஐ மகாவீரர் இலக்கம் இலக்கமாகச் சொல்லவே இல்லை. ஒன்று முதல் ஆறு வரை போய்ப் பிறகு முறையாகக் குறைவது என்ற கருத்தைச் சுருங்கச் சொல்லி முடித்துவிடுகிறார். பதினோரு இலக்கங்கள் இவ்வளவு சிக்கனமாகச் சொல்லப்பட வேறு எங்கே முடியும்? இட மதிப்பு முறை அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. அவர் நூலில் எண்ணுக்கு 24 இடங்கள்வரை பெயர் இருக்கிறது.

நம் பழைய தமிழ் எண்குறிகளில் இந்த மாலை கண்ணுக்கே தெரியாது. பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்ததால் 121 என்பது ௱௨௰௧ என்று எழுதப்படும். 12321 என்பது ௰௨௲௩௱௨௰௧. மதிப்பு அதே, முன்பின் ஒற்றுமை மட்டும் காணோம். வாயால் சொன்னாலும் அப்படித்தான்: ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலு கோடியே ஐம்பத்தாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. காது இதில் எந்த மாலையையும் கேட்காது. வகுபடுவதும் வர்க்கமாவதும் எண்ணின் குணம், எந்த நாட்டில் எப்படி எழுதினாலும் மாறாது. முன்பின் ஒன்றாயிருப்பது எழுத்தின் குணம். பத்தின் அடுக்கில், இட மதிப்பில் எழுதினால்தான் உண்டு. கணிதக்காரர்களில் சிலர் இந்தக் காரணத்தாலேயே இவற்றை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவைக்கிறார்கள். 11 × 11 = 121 என்பது எழுத்தின் அழகா, எண்ணின் அழகா என்று அவர்கள் பிரித்துக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

தமிழில் இந்த விளையாட்டுக்கு எழுத்துலகில் ஒரு பெருமகன் இருக்கிறார். திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் ‘திருமாலைமாற்று’ என்று ஒரு பதிகமே பாடினார். பதினொரு பாட்டு, ஒவ்வொன்றும் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதுவேதான். அவர் மகாவீரருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மூத்தவர். எங்களூர் ஸ்ரீகண்டேசுவரர் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையில் சம்பந்தரும் நிற்கிறார். பங்குனித் தேரின்போது ஐந்து தேர்கள் வீதியில் வரும் ஊர் இது. ‘தேரு வருதே’ என்று தமிழ்ப் பிள்ளைகள் திருப்பிப் படித்து விளையாட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சம்பந்தரின் வேலைக்கும் மகாவீரரின் வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டில் இரண்டாம் அடி முதல் அடியின் திருப்பம் என்று எழுதும்போதே தெரியும்; பொருள் கிடைக்கச் செய்வதுதான் பாடு. கணக்கில் பொருள் தானாகவே கிடைத்துவிடும். சமச்சீர் கிடைக்கும் ஜோடியைத் தேடுவதுதான் பாடு.

அதே கோயிலின் 120 அடிக் கோபுரம் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தது. அரசி தேவராஜம்மண்ணி 1845-இல் கட்டுவித்தது. அந்த உடையாருக்கும் எண்ணில் மோகம் உண்டு. சதுரங்கக் குதிரையை 64 கட்டத்திலும் ஒரே ஒரு முறை மட்டும் மிதிக்கவிட்டு, மிதித்த வரிசைப்படி 1 முதல் 64 வரை எழுதினால், எட்டுக் கிடை வரிசைகளும் எட்டுச் செங்குத்து வரிசைகளும் ஒவ்வொன்றும் 260 வரும்படி ஒரு பயணத்தை அமைத்தார். மூலைவிட்டங்கள் இரண்டும் 260 ஆகவில்லை. அது அவர் குறையல்ல. எட்டுக்கெட்டுப் பலகையில் அப்படி ஒன்று அமையவே முடியாது என்பதைக் கணினிகள் 2003-இல்தான் தேடித் தீர்த்தன. மாலை எண் அவர் கைக்கு எட்டியதா என்பது வேறு விஷயம், ஆனால் எட்டியிருந்தால் பலகையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்திருப்பார்.

மகாவீரரின் மற்ற மாலைகளில் எனக்கு நெருக்கமானது 12345679 × 9 = 111111111. ஒன்பது ஒன்றுகள். பெருக்கும் எண்ணில் எட்டைக் காணோம், கவனித்தீர்களா? பலரும் இதை மாயம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். 111111111-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தால் எட்டு எங்கே போனது என்று தெரியும். பதினொன்றில் ஒரு ஒன்பது, மீதி 2. இருபத்தொன்றில் இரண்டு, மீதி 3. முப்பத்தொன்றில் மூன்று, மீதி 4. இப்படி ஈவும் மீதியும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. எழுபத்தொன்றில் ஏழு, மீதி 8. அடுத்து நிற்பது எண்பத்தொன்று. அதில் எட்டு ஒன்பது போய் மீதி 9 என்று எழுத முடியாதே. மீதி ஒன்பதானால் இன்னொரு ஒன்பதும் போகும். ஆகவே ஈவு எட்டைத் தாண்டி ஒன்பதாகி, கணக்கு மீதியின்றி முடிகிறது. எட்டு தொலையவில்லை, ஒன்பதுக்குள் போய்விட்டது.

இதே 12345679-ஐப் பிரித்தால் 37 × 333667. இரண்டுமே பகா எண்கள், இரண்டும் ஒரே குடும்பம். 37-ஐ மூன்றால் பெருக்கினால் 111. 3367-ஐ மூன்றால் பெருக்கினால் 10101. 333667-ஐப் பெருக்கினால் 1001001. அடுத்தது 33336667, விடை 100010001. இந்தக் குடும்பத்தின் ஒரு மூத்த உறுப்பினர்தான் மகாவீரரின் இன்னொரு கணக்கில் வரும் 333333666667. அதை அவர் மூன்றால் அல்ல, 33-ஆல் பெருக்கச் சொல்கிறார், விடை 11000011000011. மூன்று ஜோடி ஒன்றுகள், இடையே நாலு நாலு சுழியம். 100010001-ம் அவர் பட்டியலில் உண்டு, ஆனால் மூன்றைத் தொடாமல் 14287143 × 7 என்று வேறு வாசல் வழியாக வருகிறார். 73-ஐ 152207-ஆல் பெருக்கி எட்டு ஒன்றுகள் வரவழைப்பதும், 142857143-ஐ ஏழால் பெருக்கி 1000000001 வரவழைப்பதும் உண்டு. ஏழால் வகுத்தால் சுற்றிச் சுற்றி வரும் 142857-ஐயும், 7 × 143 = 1001 என்பதையும் ஒட்டவைத்தால் அந்தக் கடைசிக் கணக்கு.

ஆயிரத்து நூறு ஆண்டு சென்றபின் இந்த மாலையை மறுபடி கையில் எடுத்தவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். டி. ஆர். காப்ரேகர், 1905-இல் தஹாணுவில் பிறந்தவர், நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பாடம் நடத்தியவர். 1, 121, 12321, 1234321 என்று போகும் எண்களுக்கு ‘அற்புத டெம்லோ எண்கள்’ என்று பெயரிட்டு இந்தியக் கணிதக் கழகத்தின் ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்’ இதழில் 1938-இல் எழுதினார். டெம்லோ என்பது பம்பாய்க்கு முப்பது மைல் தள்ளி இருந்த ரயில் நிலையம், இன்றைய டோம்பிவிலி. யோசனை அங்கே வந்ததாம். காலை ரயிலில் கூட்டத்தோடு நசுங்கும் இன்றைய டோம்பிவிலிவாசி ஒருவருக்காவது ஊர்ப்பெயரில் இப்படி ஓர் எண் இருப்பது தெரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

டெம்லோ வரிசையின் உச்சி 12345678987654321. ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம், பதினேழு இலக்கம், இலக்கங்களின் கூட்டல் 81. பார்வைக்கு மகாவீரரின் மாலையைவிடக் கம்பீரம். ஆனால் அதற்குள் 3, 37, 333667 என்ற மூன்றே பகா எண்கள், வகு எண்கள் 45-தான். ஆறு இலக்கங்கள் குறைவான மகாவீரர் மாலைக்கு 243. உருவத்தில் பெரியது உள்ளே ஏழை.

பத்து ஒன்றுகளை வர்க்கப்படுத்தினால் மாலை அறுந்துவிடும். நடு இடத்தில் பத்து வந்துவிடுகிறது. சுழியத்தை எழுதி மனசில் ஒன்று. பக்கத்து ஒன்பதோடு அது சேர்ந்து அங்கேயும் பத்து. மறுபடி சுழியம், மனசில் ஒன்று. அதற்கடுத்த எட்டு ஒன்பதாகிறது. விடை 1234567900987654321. வலப்பாதி அப்படியே இருக்கிறது, இடப்பாதியில் மட்டும் எட்டைக் காணோம். 12345679-இல் தொலைந்த அதே எட்டு. காரணமும் கிட்டத்தட்ட அதே. 11-இன் அடுக்குகளிலும் இதே விபத்துதான். 121, 1331, 14641 மூன்றும் முன்பின் ஒன்று. ஐந்தாம் அடுக்கில் மேரு பிரஸ்தாரம் என்னும் முக்கோண எண்ணடுக்கின் வரிசை 1, 5, 10, 10, 5, 1 என்று பத்தைத் தொட்டுவிடுவதால் 161051 என்று கோணுகிறது.

மனசில் ஒன்று வைப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டு அதனோடே கூட்டுங்கள். வந்ததையும் அப்படியே செய்யுங்கள். 87-க்கு நாலாம் படியில் 4884 கிடைக்கிறது. இரண்டே கூடிய 89 என்னமோ 24 படி ஏறி, 8813200023188 என்ற பதின்மூன்று இலக்கத்தில் போய்த்தான் அடங்குகிறது. 196 இதுவரை அடங்கவே இல்லை. கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள்வரை விரட்டிப் பார்த்துவிட்டன. அடங்காது என்று நிரூபித்தவரும் இல்லை.

டெம்லோ எண்கள் எல்லாம் வர்க்கங்கள். அதனால் அவற்றில் ஒன்றுகூடப் பகா எண்ணாக முடியாது. ஆனால் பத்தை இலக்கமாக அல்லாமல் சொல்லாகக் கருதி, ஒன்று முதல் பத்துவரை எழுதிப் பிறகு ஒன்பதிலிருந்து ஒன்றுவரை இறங்கினால் 12345678910987654321. இருபது இலக்கம். இலக்கங்களைத் திருப்பினால் இது அதே எண்ணாக இராது. எண்ணும் வரிசையைத் திருப்பினால் இருக்கும். இது பகா எண். 243 வாசல் கொண்ட மாலைக்கும் இதற்கும் தோற்றத்தில் எவ்வளவு நெருக்கம், உள்ளே எவ்வளவு தூரம்!

மகாவீரர் கோத்தவற்றில் மிகச் சிறியதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: 139 × 109 = 15151. இரண்டே வரிசை: ஒன்பதால் பெருக்கிய 1251, நூறால் பெருக்கிய 13900. 109, 139 இரண்டும் பகா எண்கள், ஆகையால் ஒன்றால் பெருக்குவதை விட்டால் 15151-ஐ வேறு எந்த ஜோடியாலும் கொண்டுவர முடியாது. மற்ற மாலைகளில் எந்தக் கண்ணியில் பிரிப்பது என்று அவருக்குத் தேர்வு இருந்தது. இதில் பிரிக்க ஒரே ஒரு கண்ணி, அதை அவர் கண்டுபிடித்திருக்கிறார்.